எட்டாவது கேள்விக்கு ஒரு சொல் பதில்

தொட்டி மேலே இருக்கிறது. குழாய் கீழே இருக்கிறது. நடுவில் அடைப்பும் இல்லை, ஓட்டையும் இல்லை. இருந்தும் மாடிக் குழாயைத் திறந்தால் ஒரு சொட்டுக்கூட விழுவதில்லை. ஏன் என்று தையல்காரி ஐந்து நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள்.

இடத்தைக் கொஞ்சம் மனதில் வரைந்துகொண்டால்தான் அவளுடைய சிக்கல் புரியும். ஒரு பக்கம் ஆலயம். எதிர்ப்பக்கம் கூட்ட மண்டபம். நடுவில் ஒரு முற்றம். பன்னிரண்டு நாளைக்கு முன்பு ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்தபோது, தாழ்ந்த தெருக்களில் இருந்த பதினெட்டுக் குடும்பங்கள் ஓடிவந்து மண்டபத்தின் மாடியில் ஏறிக்கொண்டன. வெள்ளம் கீழ்த்தளத்தில் ஜன்னல் வரை வந்து, நாலு நாள் தங்கி, முழங்கால் உயரத்துக்குச் சேற்றை விட்டுவிட்டுப் போயிற்று. அழைக்காதபோது அத்தனை உரிமையோடு உள்ளே வந்த தண்ணீர், இப்போது குழாய் போட்டு அழைத்தாலும் மாடி ஏற மாட்டேன் என்கிறது.

மண்டபத்துக்குத் தகரக் கூரை. தொட்டியைத் தாங்காது. அதனால் நிவாரணக்காரர்கள் ஒரு கறுப்புத் தொட்டியை எதிரே ஆலயத்தின் தட்டைக் கூரைமேல் வைத்தார்கள். தொட்டியின் அடியிலிருந்து புறப்பட்ட கறுப்புக் குழாய், கூரையின் ஓரத்தில் இடுப்பளவு உயர்ந்திருந்த கைப்பிடிச் சுவரின்மேல் ஏறி, அந்தப் பக்கம் தரைவரை இறங்கி, முற்றத்தைக் கடந்து, மண்டபத்துச் சுவரில் ஏறி, மாடியில் நான்கு குழாய்களாகப் பிரிந்தது. போகிற வழியில், முற்றத்திலும் தரையோடு தரையாக ஒரு குழாய் வைத்திருந்தார்கள்.

மாடிக் குழாய்களை விடத் தொட்டி இரண்டு ஆள் உயரம் மேலே இருந்தது. உயரத்தில் இருக்கும் தண்ணீர் தாழ்வான இடத்துக்கு வந்தே ஆக வேண்டும். இது தையல்காரிக்குத் தெரியும். தண்ணீருக்குத்தான் தெரியவில்லை.

இதில் இன்னும் இரண்டு விநோதம். முற்றத்துக் குழாயில் தண்ணீர் வந்தது. ஆனால் தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்டதுபோலச் சோம்பலாக வந்தது. அதுவும் மத்தியானம் வரைதான். அதற்குமேல், தொட்டியில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தும் அதுவும் நின்றுவிடும். அதனால் காலையில் எல்லாரும் வாளிகளில் பிடித்து மாடிக்குச் சுமந்து வைத்துக்கொள்வார்கள்.

போதகர் முதல் நாளே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினார். நல்ல மனிதர், முப்பத்தைந்து வயது, எந்த வேலையையும் தெரியாது என்று சொல்லத் தெரியாதவர். குழாய்களைக் கழற்றிக் கம்பி விட்டுப் பார்த்தார். திருகி மாட்டினார். கடைசியில் குழாயில் வாயை வைத்து, கண்கள் பிதுங்க உறிஞ்சினார்.

"வருதா பாஸ்டர்?" என்று கேட்டாள் தையல்காரியின் நாத்தனார். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். நாக்கில் எப்போதும் ஒரு ஊசி தயாராக இருக்கும்.

"ஏப்பம் வருதும்மா" என்றார் போதகர்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, முந்தாநாள் முகாம் அதிகாரி வந்து பார்க்கும்வரை. அந்த அம்மாள் கையிலிருந்த அட்டையில் ஏதோ குறித்துக்கொண்டு, "ஆளுங்க படுக்கிற தளத்துல குழாய்த் தண்ணி இருக்கணும். அது விதி. பதினெட்டுக் குடும்பம், மேல ஏற ஒரே படி, அதுல வாளியோட ஏறி இறங்குறீங்க. யாராவது விழுந்தா நான்தானே பதில் சொல்லணும்? நாளன்னைக்கு சாயங்காலம் நாலு மணிக்கு வருவேன். தண்ணி வரலைன்னா பஸ் ஏத்தி, பெரிய கிடங்கு முகாமுக்கு அனுப்பிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். கிடங்கு மூன்று மணி நேரப் பயணத் தொலைவில் இருந்தது.

அந்த நாலு மணி இன்றைக்குத்தான்.

மற்றவர்களுக்குக் கிடங்கு என்பது இன்னொரு கூரை. தையல்காரிக்கு அப்படியல்ல. அவளுடைய புருஷன் குழாய் வேலைக்காரர். பேச்சில் ஒரு சொல் போதுமென்றால் இரண்டாவதைச் செலவு செய்ய மாட்டார். அதனால் ஊரெல்லாம் அவருக்குத் 'தந்தி' என்று பெயர். வெள்ளம் வந்த காலையில், ஆற்றுக்கு அந்தப்புறம் இருந்த ஆஸ்பத்திரியில் பம்பு பழுது என்று கிளம்பியவர், வாசலில் நின்று வானத்தைப் பார்த்து, "தண்ணி ஏறினா மண்டபத்து மாடி" என்றார். அவ்வளவுதான். மத்தியானம் பாலம் போயிற்று. ஆஸ்பத்திரியில் இருந்தவர்களைப் படகுகளில் ஏற்றி எங்கெங்கோ கொண்டுபோனார்கள். எந்த முகாமின் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. போன் கோபுரம் ஆற்றில் கிடந்தது. அவர் உயிரோடிருந்தால் தேடி வரக்கூடிய ஒரே இடம் இந்த மாடிதான். இதை விட்டுப் போனால், அவர் வந்து வெறும் சேற்றைத்தான் பார்ப்பார்.

இருந்த ஒரே தபால் வழி பால்வண்டி. முகாம்களுக்குப் பால் கொண்டுபோகும் வண்டிக்காரர்கள் ஒவ்வொருவரும் ஒரு பிஸ்கட் டின் வைத்திருந்தார்கள். சீட்டு எழுதிப் போட்டால், நாற்சந்தியில் டின்களை மாற்றிக்கொண்டு கொண்டுபோவார்கள். தையல்காரி தினமும் ஒரு சீட்டு போட்டாள். முகவரி: 'தந்தி என்னும் குழாய்க்காரர், எந்த முகாமானாலும்.' நாலு நாளைக்கு முன்பு போட்ட சீட்டில் எட்டுக் கேள்விகள் இருந்தன. உயிரோடு இருக்கிறீர்களா, எங்கே இருக்கிறீர்கள், அடி ஏதும் பட்டதா, ரத்தக்கொதிப்பு மாத்திரை இருக்கிறதா, சாப்பிடுகிறீர்களா, கூட யார் இருக்கிறார்கள், எப்போது வருவீர்கள். எட்டாவதாக: தொட்டி நிறைய இருந்தும் மாடிக் குழாயில் தண்ணீர் வரவில்லையே, ஏன்? பக்கத்தில் குழாய் போகும் வழியைப் படமாகவும் போட்டிருந்தாள்.

"புருஷன் இருக்காரா இல்லையான்னே தெரியல, குழாய்க்கு யோசனை கேக்குறீங்களே அண்ணி" என்று சொல்லிவிட்டு, நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு மாத்திரைப் பெட்டியை அடுக்கினாள். அவளுக்கு அவர் கூடப் பிறந்த அண்ணன். பேச்சுத்தான் ஊசி; கண் இரண்டும் பன்னிரண்டு நாளாக ஈரம்.

இன்று பத்து மணிக்குப் பால்வண்டி வந்தது. வண்டிக்காரர் டின்னைக் குலுக்கிக்கொண்டே படியேறி, "தையல்காரிக்கு ஒண்ணு" என்றார்.

கைமிஷினில் ஒரு திரைச்சீலையை அடித்துக்கொண்டிருந்தவள் சக்கரத்தை நிறுத்தக்கூட மறந்து எழுந்தாள். நாலாக மடித்த பழுப்புத் தாள். தச்சுப் பென்சிலில் தடித்த எழுத்து. அவருடைய கையெழுத்துதான். ஒரே ஒரு சொல்.

காத்திருக்கு.

மாடி முழுக்க அவளைச் சுற்றிக் கூடியது. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"காத்திருக்குறேன்னு எழுத வந்திருப்பார். பாதியில பென்சில் உடைஞ்சிருக்கும்" என்றார் போதகர்.

"எங்கண்ணன் பென்சில் உடையாது பாஸ்டர், பேச்சுதான் உடையும்" என்றாள் நாத்தனார். ஆனால் சீட்டைப் பிடித்திருந்த அண்ணியின் கையை அவள் விடவில்லை.

"காத்திருக்குன்னா, எது காத்திருக்கு? படகு காத்திருக்கா? வண்டியா?" என்றார் மாவு மில்காரர்.

"'வீட்டுக்கு வா, உனக்கு இருக்கு'ன்னு மிரட்டுறாரோ என்னவோ" என்றாள் அவர் மனைவி. நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரிப்பதற்கு ஏதாவது கிடைக்காதா என்று ஏங்கிய சிரிப்பு அது.

தையல்காரி வண்டிக்காரரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "இது எப்ப போட்ட சீட்டுண்ணே?"

வண்டிக்காரர் தலையைச் சொறிந்தார். "அதுதாம்மா தெரியாது. டின்னுக்கு அடியில மாட்டிக்கிட்டு முதல் நாள் சீட்டெல்லாம் இப்பத்தான் வருது. நேத்து ஒருத்தருக்கு 'நான் வந்துக்கிட்டிருக்கேன்'னு சீட்டு குடுத்தேன். எழுதின ஆளே பக்கத்துல உக்காந்து ரொட்டி தின்னுட்டிருந்தார்."

இதுதான் விஷயம். கையெழுத்து அவருடையது என்பதில் ஐயமில்லை. ஆனால் வெள்ளம் ஏறிக்கொண்டிருந்த முதல் நாள் மாலையில், ஏதோ ஒரு மேட்டில் நின்று எழுதியதாக இருந்தால், அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதை அந்தச் சொல் சொல்லாது. நேற்று எழுதியதாக இருந்தால், அவர் நேற்று உயிரோடு இருந்தார். ஒரே சொல், இரண்டு உலகம்.

போதகர் அந்தச் சொல்லை விடுவதாக இல்லை. மத்தியான ஜெபத்தில் அதையே எடுத்துக்கொண்டார். "என்ன காத்திருக்குன்னு எழுதல. பரவாயில்லை. நமக்கு ஒண்ணு காத்திருக்கு. அது போதும்!" என்றார். பலர் ஆமென் சொன்னார்கள். தையல்காரியும் சொன்னாள். ஆனால் அவள் மனம் அந்தச் சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டிருந்தது. 'காத்திரு' என்பதென்றால் நாலெழுத்தோடு முடிந்திருக்கும். அந்த மனுஷன் தேவையில்லாமல் இன்னும் இரண்டெழுத்தைச் சேர்த்து எழுதக்கூடியவர் அல்ல.

இரண்டரை மணிக்கு அவளும் போதகரும் கடைசி முறையாகக் குழாயைப் பார்க்க ஆலயக் கூரைமேல் ஏறினார்கள். போதகர் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தார். முக்கால் தொட்டி. குழாயை ஒரு முறை ஆட்டிப் பார்த்தார். பிறகு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாதீங்க. நேத்து ரெண்டு அடக்கம் பண்ணினேன். உயிர்த்தெழுதல், நம்பிக்கைன்னு எல்லாம் பேசினேன். வாய் பேசுது. வயிறு நம்பமாட்டேங்குது."

தையல்காரி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு, துணியில் தையல் விட்டுப்போன இடத்தைக் காட்டுவதுபோல, நிதானமாகச் சொன்னாள்.

"எனக்கும் மூணு நாள் அப்படித்தான் இருந்துச்சு பாஸ்டர். அவர் வருவார், ஆண்டவர் கைவிடமாட்டார். இந்த ரெண்டையும் ஒண்ணா வச்சுத் தைச்சிருந்தேன். அவர் வரவர லேட்டாக, ஆண்டவரும் கூடவே கிழிஞ்சுக்கிட்டு வந்தார். அப்புறம் உக்காந்து தையலைப் பிரிச்சேன். ஆண்டவர் கைவிடமாட்டார், அது தனித் துணி. அவர் ஆத்தோட போயிருந்தாலும் ஆண்டவர் எழுப்பாம விடமாட்டார். அது முடிஞ்ச விஷயம். அதுக்கு நான் இந்த மாடியில இருந்தாலும் ஒண்ணுதான், கிடங்குல இருந்தாலும் ஒண்ணுதான்."

"அப்புறம் ஏன் குழாயைப் போட்டு இந்தப் பாடு படுத்துறீங்க?"

"அவர் உயிரோட இருந்தா? அது ரெண்டாவது துணி. அவருக்கு என் முகவரி இந்த மாடிதான். ஆண்டவர் கடைசியில பாத்துக்குவார்ங்கிற தைரியம் இருக்கிறதாலதான், நடுவுல ஒரு குழாயைச் சரி பண்ண உக்காந்திருக்கேன். இல்லாட்டி எப்பவோ போர்த்திக்கிட்டுப் படுத்திருப்பேன்."

போதகர் நிமிர்ந்தார். முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. "அக்கா, இதை ஞாயித்துக்கிழமை..."

"பிரசங்கத்துல போட்டுடாதீங்க."

"பேரு சொல்லமாட்டேன்."

"பாஸ்டர்!"

அப்போது படியில் மூச்சிரைப்புக் கேட்டது. நாத்தனார் ஏறி வந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. மண்டப மாடியில் பதினெட்டுக் குடும்பத்தின் மூட்டை முடிச்சு கட்டும் புழுக்கம். கூரைக்கு வந்ததும் முந்தானையை உதறி, முகத்தைத் தூக்கிக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்:

"அப்பாடா! மேலயாவது கொஞ்சம் காத்திருக்கு."

தையல்காரி அவளைப் பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள்.

"என்னடி சொன்னே?"

"காத்து இருக்குன்னேன். ஏன், காத்து வாங்கவும் அதிகாரியம்மா அனுமதி வேணுமா?"

தையல்காரி சீட்டைப் பிரித்தாள். அவர் எழுதும் வழக்கம் அவள் கண்முன் வரிசையாக வந்து நின்றது. வேலைக்குப் போன வீடுகளில் விட்டுவிட்டு வரும் சீட்டுகள்: 'அடைப்பிருக்கு.' 'கசிவிருக்கு.' 'துருவிருக்கு.' இடைவெளி விடுவதுகூட அவருக்கு வீண் செலவு. பேசுகிறபடியேதான் எழுதுவார், காற்று என்று எழுதியதே கிடையாது, காத்துதான்.

"காத்து இருக்கு" என்றாள் மெதுவாக. "குழாயில காத்து இருக்கு."

மூன்று பேரும் சீட்டையே பார்த்தார்கள். பிறகு நாத்தனார்தான் முதலில் உடைந்தாள். "அண்ணி... அப்படின்னா அவர் உங்க சீட்டைப் படிச்சிருக்கார். நாலு நாளைக்கு முன்னாடி போட்ட சீட்டு! அதுக்கு அப்புறம் எழுதினது இது!"

"படிச்சிருக்கார்" என்றாள் தையல்காரி. கண்ணில் நீர் வழிந்தது, குரலில் கோபம் வழிந்தது. "எட்டுக் கேள்வி கேட்டேன். உயிரோட இருக்கீங்களான்னு முதல் கேள்வி. அதை விட்டுட்டு, எட்டாவதுக்கு மட்டும் பதில் எழுதியிருக்கார் பாரு மனுஷன்!"

போதகர் ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று நாலு முறை சொன்னார். நாத்தனார் அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே போதகரின் தோளில் அடித்தாள். பிறகு யாரை அடித்தோம் என்று உணர்ந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"சரி" என்று மூக்கைத் துடைத்தாள் தையல்காரி. "மணி மூணாகப் போவுது. காத்து இருந்தா தண்ணிக்கு என்ன வந்துச்சு? அதைப் பாப்போம்."

துணி குறிக்கும் சுண்ணத்தால் கூரைத் தரையில் குழாயை வரைந்தாள். இங்கே நாமும் அவளோடு குனிந்து பார்க்கலாம். அழகான விஷயம் இது.

குழாயை மாட்டியபோது அது காலி என்று எல்லாரும் நினைத்தார்கள். காலி இல்லை, உள்ளே காற்று இருந்தது. தொட்டித் தண்ணீர் கைப்பிடிச் சுவரைத் தாண்டி, அந்தப் பக்கம் குழாயின் சுவரை ஒட்டி ஒழுகி, நேரே அடிக்குப் போய்த் தேங்கியது. முற்றத்தில் தேங்கிய தண்ணீர் ஒரு மூடிபோல அடைத்துக்கொண்டது. மேலே தண்ணீர், அடியில் தண்ணீர், நடுவில் இறங்குகிற குழாயில் இரண்டு மாடி உயரத்துக்குக் காற்று. அதற்கு வெளியே போக வழியில்லை.

உயரத்திலிருக்கும் தண்ணீர் கீழே இருப்பதைத் தள்ளுவது அதன் எடையால்தான். அந்த இரண்டு மாடி உயரமும் தண்ணீராக இருந்தால் அவ்வளவு எடையும் சேர்ந்து தள்ளும். காற்றாக இருந்தால்? காற்றுக்கு எடையென்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆகவே உண்மையில் தள்ளுவது, தொட்டியில் கைப்பிடிச் சுவரின் உயரத்துக்கும் மேலாக நிற்கும் அரை முழத் தண்ணீர் மட்டுமே. அரை முழத்தின் பலம் தரையோடிருந்த முற்றத்துக் குழாய்க்குப் போதும். அதனால்தான் அங்கே சோம்பலாக வந்தது. மாடி வரை ஏற்ற அதற்குத் தெம்பில்லை. மத்தியானத்தில் தொட்டி மட்டம் சுவரின் உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டால், சுவரைத் தாண்டவே முடியாது. அதனால்தான் முற்றத்துக் குழாயும் நின்றது. ஐந்து நாள் புதிர்கள் மூன்றும் ஒரே காற்றில் அவிழ்ந்துவிட்டன.

"நிச்சயமா?" என்றார் போதகர்.

தையல்காரி கத்திரிக்கோலால் சுவரின்மேல் குழாயைத் தட்டினாள். டொக் என்றது. எட்டிக் குனிந்து இன்னும் கீழே தட்டினாள். டொக். நாத்தனார் கீழே ஓடி, தரையருகே ஒரு கட்டையால் தட்டினாள். தொப்.

"இங்க தொப்பு, அங்க டொக்கு!" என்று கத்தினாள் அவள்.

காற்று உயரமான இடத்தில்தான் சேரும். குழாயின் உயரமான இடம் கைப்பிடிச் சுவரின் உச்சி. நல்ல வேளையாக இரண்டு துண்டுக் குழாய்களை இணைத்த இடமும் அதுவே. ஒரு இரும்புக் கவ்வி போட்டு இறுக்கியிருந்தார்கள். தையல் மிஷின் ஸ்க்ரூடிரைவரால் அதைத் தளர்த்தினால் காற்று போய்விடும்.

தளர்த்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. சீறலும் இல்லை, சொட்டும் இல்லை. திரும்ப இறுக்கினாள்.

போதகர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். மட்டம் சுவரின் உயரத்தைவிட நாலு விரல் கீழே இறங்கியிருந்தது. தண்ணீர் சுவரைத் தாண்டினால்தானே அந்தப் பக்கத்தை நிரப்பும்? தொட்டியை நிரப்பும் தண்ணீர் லாரி இனி நாளைக் காலைதான் வரும். மணி மூன்று பத்து.

"தண்ணி வேணும்" என்றாள் தையல்காரி. "ஒரு பதினஞ்சு இருபது வாளி."

தண்ணீர் இருந்தது. மாடியில், ஒவ்வொரு குடும்பத்தின் மூலையிலும், காலையில் பிடித்துத் துணி போட்டு மூடிய ஒரு வாளி. இன்று குடிக்கவும் சமைக்கவும் இருந்தது அவ்வளவுதான்.

நாத்தனார் மாடியில் போய் நின்று கேட்டாள். முதலில் யாரும் அசையவில்லை.

"இருக்கிற தண்ணியைக் கொண்டுபோய் ஊத்திட்டு, அதுவும் வராம போச்சுன்னா?" என்றாள் மாவு மில்காரர் மனைவி.

"வராம போனா நாலு மணிக்கு பஸ் ஏறப் போறோம். வாளியை மடியில வச்சுக்கிட்டா பஸ்ஸுல போவீங்க?" என்றாள் நாத்தனார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்கண்ணன் சொல்லியிருக்கார் அக்கா. அவர் ஒரு சொல்லு சொன்னா அது சரியாத்தான் இருக்கும். ரெண்டாவது சொல்லு சொன்னதில்லை, அவ்வளவுதான்" என்றாள்.

மாவு மில்காரர் மனைவி ஒரு பெருமூச்சு விட்டு, தன் வாளியைத் தூக்கினாள். "உங்கண்ணன் வரட்டும், அவர் வாயிலிருந்து நாலு வார்த்தையாவது நான் புடுங்குறேன்."

முற்றத்தில் வரிசை நின்றது. வாளி கைமாறிக் கைமாறி ஆலயப் படி ஏறியது. போதகர் தொட்டி வாயில் நின்று ஊற்றினார். ஒவ்வொரு வாளிக்கும் மட்டம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. பதினோராவது வாளியில் சுவரின் உயரத்தைத் தொட்டது. பதினெட்டாவது வாளி காலியானபோது, மட்டம் சுவருக்குமேல் மூன்று விரல் இருந்தது.

"மாடிக் குழாய் நாலும் மூடியிருக்கா? முத்தத்துக் குழாய்?" என்று கேட்டாள் தையல்காரி.

"மூடியாச்சு!"

கவ்வியைத் தளர்த்தினாள். உஸ்ஸ்ஸ் என்று ஒரு நீண்ட பெருமூச்சு, பிளாஸ்டிக் வாசனையோடு. குழாய் உள்ளே குடகுடவென்று பேசியது. சீறல் மெலிந்தது, இருமியது, துப்பியது. பிறகு இணைப்பின் விளிம்பில் தண்ணீர் எழும்பி, காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த போதகரின் கழுத்துக்குள் இறங்கியது.

"ஆமென்!" என்று துள்ளினார் போதகர்.

அவள் கவ்வியை இறுக்கினாள். மாடியில் நாத்தனார் குழாயைத் திறந்தாள். இரண்டு முறை துப்பிவிட்டு, தண்ணீர் கை தடிமனுக்கு விழுந்தது. மாடியிலிருந்து எழுந்த சத்தம் முற்றத்தைத் தாண்டி ஆலயக் கூரை வரை கேட்டது. வாளிகள் எல்லாம் திரும்ப வரிசையில் நின்றன, இந்தத் தடவை குழாயடியில். பதினெட்டும் நிறைந்த பிறகும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. தொட்டி மட்டம் சுவருக்குக் கீழே போனாலும், காற்றில்லாத குழாயில் இறங்கும் தண்ணீரின் எடையே பின்னால் இருப்பதைச் சுவர் தாண்டி இழுத்துக்கொண்டது.

ஒவ்வொரு நாளும் கவ்வியைக் கழற்றிக்கொண்டிருக்க முடியாது என்று, போதகர் சேற்றில் கிடந்த கீழ்த்தளச் சமையலறையிலிருந்து ஒரு சிறு குழாயைக் கழற்றிக்கொண்டு வந்தார். மூன்று வாய் உள்ள இணைப்பு ஒன்றும் அங்கேயே கிடைத்தது. கவ்வி இருந்த இடத்தில் அதை வைத்து, மேல்வாயில் அந்தச் சிறு குழாயைத் திருகினார்கள். பதினெட்டு வாளியையும் மறுபடி தொட்டியில் ஊற்றி மட்டத்தை ஏற்றி, காற்றை வெளியே விட்டார்கள். கால் மணி நேர வேலை. போதகர் ஒரு தடவைகூடத் தப்பாகத் திருகவில்லை.

நாலு மணிக்கு முகாம் அதிகாரி வந்தார். பின்னால் இரண்டு பஸ். அந்த அம்மாள் மாடியேறிக் குழாயைத் திறந்தார். கையைக் கழுவினார். முகத்தைக் கழுவினார். பிறகு, அன்று முழுதும் எங்கும் உட்காராதவர்போல, ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"இருங்க, இங்கேயே இருங்க" என்றார். அட்டையில் எதையோ அடித்துவிட்டு, "யார் சரி பண்ணினது?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரர்" என்றாள் தையல்காரி.

"அவர் எங்க?"

"தெரியாது மேடம். உயிரோட இருக்கார். வருவார்."

அதிகாரி அவளை நிமிர்ந்து பார்த்தார். விளக்கம் கேட்கவில்லை. "இன்னும் மூணு முகாம்ல இதே தொட்டி, இதே குழாய், இதே தகராறு. என்ன பண்ணணும்னு எழுதிக் குடுங்க. பால்வண்டியில போட்டு எல்லாருக்கும் அனுப்பிடுறேன். ஒரு சொல்லுல எழுதிடாதீங்க, எல்லாருக்கும் புரியணும்."

தையல்காரி மிஷினை நகர்த்திவிட்டு, பலகைமேல் தாளை விரித்து எழுதினாள்:

'குழாய் எந்த இடத்தில் எல்லாவற்றையும்விட உயரமாகப் போகிறதோ, அந்த இடத்தில் ஒரு சிறு குழாய் வையுங்கள். தொட்டித் தண்ணீர் அந்த இடத்தைவிட உயரமாக நிற்கும்படி நிரப்புங்கள். மற்ற எல்லாக் குழாய்களையும் மூடுங்கள். பிறகு அந்தச் சிறு குழாயைத் திறந்து, காற்று முழுவதும் போய்த் தண்ணீர் வரும்வரை விட்டு, மூடுங்கள். இனி மாடிக் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும்.'